நாம் பட்ட கஷ்டமும் நம் பிள்ளைகளும்



நம்மில் பலருடைய வீட்டில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை ஒன்று உண்டு. “நாங்க பட்ட கஷ்டம் எங்க பிள்ளைங்க படக்கூடாது” என்பதுதான் அது. அந்த வார்த்தையின் தயவில்தான் நீங்களும் நானும் இன்று டிப்ளமோ படிக்கிறோம். என் அம்மா செங்கல் சூளையில் கல் சுமந்தவர். அப்பா மூன்றாம் வகுப்போடு நின்றவர். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டி, பிளஸ் டூ முடித்து, சிவில் படிக்க வந்திருக்கும் முதல் ஆள் நான்.

இன்னும் சில வருடங்களில் நாமும் சம்பாதிப்போம். குடும்பம், குழந்தை என்று ஆவோம். நாமும் இதே வார்த்தையைச் சொல்லத்தான் போகிறோம். அதற்கு முன்னால் ஒரு கேள்வி. கஷ்டம் என்று எதைச் சொல்கிறோம்? அந்தப் பெயரைச் சொல்லி எதையெல்லாம் தூக்கி எறிகிறோம்?

‘அந்தக் காலம்தான் பொற்காலம்’ என்று பேச நான் வரவில்லை. சூளையில் கல் சுமந்தவரின் மகளால் அப்படிப் பேச முடியாது. பசியோடு பள்ளிக்கூடம் போனது கஷ்டம். அதைப் போக்கத்தான் 1956-ல் காமராஜர் காலத்தில் மதிய உணவும், 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவும், 2022-ல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் காலை உணவும் வந்தன. குடிக்கத் தண்ணீருக்கு மைல் கணக்கில் குடம் சுமந்தது கஷ்டம். சத்தில்லாமல் வளர்ந்தது கஷ்டம். அது இன்னும் தீரவில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு ரத்தசோகை! இவையெல்லாம் ஒழிய வேண்டியவை. இதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

ஆனால் நண்பர்களே, கஷ்டத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் நாம் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறோம். என் அக்கா மகனுக்கு நாலு வயசு. செல்போனில் பாட்டு ஓடினால்தான் வாயைத் திறப்பான். “மண்ணுல விளையாட விட்டா என்னக்கா?” என்று கேட்டால், “நாமதான் மண்ணுல புரண்டோம், அவனாச்சும் சுத்தமா இருக்கட்டுமே” என்கிறாள். அக்காவைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. பகலெல்லாம் தையல் மிஷினை மிதித்துவிட்டு வருகிறவள் அவள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அவளுக்குக் கிடைத்த ஒரே ஆள் அந்தச் செல்போன்தான். ஆனாலும் மண்ணில் புரண்டதா கஷ்டம்? அது விளையாட்டு அல்லவா!

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது என்கிறது அது. ஐந்து முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தினமும் சராசரி 60 நிமிஷமாவது உடம்பு வேர்க்க ஓடியாட வேண்டும் என்று 2020-ல் சொன்னது. நம் ஊர்த் தெருவில் கிட்டிப்புள்ளும் கபடியும் ஆடிய பிள்ளைகளுக்கு இந்த 60 நிமிஷம் ஒரு கணக்கே இல்லை. இன்று? பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்கிறார். நான் படித்த பள்ளியில் அப்படித்தான் நடந்தது.

பெண் பிள்ளைகளுக்கோ இன்னும் மோசம். வயசுக்கு வந்த மறுநாளே “இனி உனக்கென்ன விளையாட்டு?” என்று உட்கார வைத்துவிடுகிறார்கள். பதினொன்றாம் வகுப்பில் அரசு கொடுத்த சைக்கிளைத் தினம் எட்டு கிலோமீட்டர் மிதித்தபோதுதான் எனக்கு மறுபடி கால் முளைத்த மாதிரி இருந்தது. அதைப் பார்த்து, “பாவம், பொம்பளப் புள்ள சைக்கிள் மிதிக்குது” என்றவர்களும் உண்டு. பாவமா அது? என் உடம்புக்கு அதைவிட நல்ல மருந்தை யார் கொடுத்தார்கள்?

சாப்பாட்டுக்கு வருவோம். எங்கள் அப்பத்தா காலத்தில் கம்பங்கூழும் கேப்பைக் களியும் ஏழையின் சாப்பாடு. நாலு காசு கையில் வந்ததும் அதை விட்டோம். பிள்ளைக்கு ஐந்து ரூபாய் பாக்கெட் வாங்கிக் கொடுப்பது பாசம் என்று ஆகிவிட்டது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நாம் கைவிட்ட கம்பு இப்போது பட்டணத்துக் கடைகளில் அழகான டப்பாவில் உட்கார்ந்திருக்கிறது!

அந்தப் பாக்கெட்டையும் கொஞ்சம் பாருங்கள். பிளாஸ்டிக்கையும் அலுமினியத்தையும் அடுக்கடுக்காக ஒட்டிச் செய்தது. பிரிப்பது சிரமம். அதனால் எங்கள் ஊர் பழைய இரும்புக் கடைக்காரர்கூட அதை எடைக்கு எடுப்பதில்லை. தெருவில் கிடந்து, வாய்க்காலை அடைத்து, கடைசியில் மாட்டின் வயிற்றுக்குப் போகிறது. அப்பத்தாவுக்குச் ‘சுற்றுச்சூழல்’ என்ற வார்த்தையே தெரியாது. ஆனால் சந்தைக்குத் துணிப்பை இல்லாமல் போனதில்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021-ல் அரசே மஞ்சப்பையைத் திரும்பக் கையில் எடுக்கச் சொன்னது. அதற்குள் மஞ்சப்பை தூக்குவதைக் கேவலம் என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்து முடித்திருந்தோம்.

பாடப் புத்தகத்தில் இதெல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று 1991-லேயே உச்ச நீதிமன்றம் சொன்னது. ஐந்து மார்க் கேள்விக்கு நாமும் எழுதினோம். எழுதிய பேனாவின் ரீஃபிளை ஜன்னல் வழியாக எறிந்தோம். மார்க்குக்காகப் படித்தது பரீட்சை ஹாலோடு போய்விடுகிறது.

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூருக்குப் பக்கத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஓர் ஊர். அதன் கண்மாய்கள் 1977 முதல் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். மழைக்காலத்தில் எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்து கூடு கட்டும். அவை மிரண்டுவிடக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷமல்ல, பல தலைமுறையாக! தீபாவளி அன்று வெடி கேட்டு அழாத பிள்ளை எந்த ஊரில் உண்டு? அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கட்டுரைப் போட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்கவில்லை. பெரியவர்கள் வெடிக்கவில்லை, அதனால் பிள்ளைகளும் வெடிக்கவில்லை. அவ்வளவுதான் பாடம்.

எல்லாவற்றையும் பெற்றோர் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. ஓடச் சொன்னால் பிள்ளை எங்கே ஓடும்? பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. பிளானில் ‘பார்க்’ என்று பச்சை மை அடித்திருக்கும். நேரில் போய்ப் பார்த்தால் சீமைக் கருவேலமும் கட்டிட இடிபாடும்! சிவில் நண்பர்களே, நாளைக்கு அந்தப் பிளானை வரையப் போவது நாம்தான். அந்தப் பச்சைக் கட்டம் ஒரு குழந்தையின் கால். அதை யாருக்கும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

பசி, நோய், பாரம் மூன்றும் நம்மோடு ஒழியட்டும். நடையும், விளையாட்டும், கூழும், துணிப்பையும், எதையும் வீணாக்காத குணமும் கஷ்டங்கள் அல்ல. காசில்லாத நம் பெற்றோர் தெரியாமலே நமக்குச் சேர்த்து வைத்த சொத்து அவை. காசு வந்த பிறகு அந்தச் சொத்தை நம் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் போனால், படித்ததால் நாம் அடைந்த லாபம்தான் என்ன?

சிந்திப்போம்! நம் வீட்டிலிருந்தே தொடங்குவோம்!