கருத்துக்கேட்பு விலக்கும் ஊர்ப் பதிவேடும்

அணுக் கனிமங்களுக்கும் முக்கியக் கனிமங்களுக்குமான சுரங்கத் திட்டங்களைப் பொதுமக்கள் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கி, மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 செப்டம்பர் 8 அன்று அலுவலகக் குறிப்பாணை வெளியிட்டது. 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு வைத்திருந்த விதிவிலக்கே இதற்குக் கைகொடுத்தது. குத்தகைப் பரப்பு சிறிதோ பெரிதோ, பரிசீலனை இனி டெல்லியில்தான். டங்ஸ்டன் முக்கியக் கனிமப் பட்டியலில் இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் மேலூர் வட்டாரத்தில் கண்மாய்ப் பணியும் பல்லுயிர்ப் பணியும் செய்வோருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த வட்டாரத்து நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் 2024 நவம்பர் 7-ல் முடிவாகி, 2025 ஜனவரி 23-ல் ரத்தானது. இடையில் கிராமசபைத் தீர்மானங்கள், டிசம்பர் 9-ன் சட்டமன்றத் தீர்மானம், ஜனவரி 7-ல் மேலூரிலிருந்து மதுரைக்குத் திரண்ட பேரணி. சுற்றுச்சூழல் அனுமதிக்கான கட்டம் வருவதற்கு முன்பே விவகாரம் முடிந்துவிட்டதால், கருத்துக்கேட்பு இருந்தால் என்ன, போனால் என்ன என்ற பேச்சு களப்பணியாளர்களிடையே கூடக் கேட்கிறது. அது சரியல்ல. மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் நடத்தும் அந்தக் கூட்டத்தில் பேசப்படுவது ஒளிப்பதிவாகிறது, நடவடிக்கைக் குறிப்பில் ஏறுகிறது. எழுந்த ஆட்சேபங்களுக்கு இறுதி அறிக்கையில் திட்டதாரர் பதில் சொல்லியாக வேண்டும். கூட்டங்கள் எந்த லட்சணத்தில் நடந்தன என்பது வேறு கதை. ஆனாலும் ஊர்க்காரர் சொல் கோப்புக்குள் நுழைய இருந்த வாசல் அது ஒன்றுதான். பேரணியில் எழும் முழக்கம் நிபுணர் மதிப்பீட்டுக் குழுவின் கோப்பில் சேர்வதில்லை.

அந்த ஏலத்தில் மறந்துவிடக் கூடாத செய்தி வேறொன்று. எதிர்ப்பு வலுத்தபோது, 2024 டிசம்பர் 24-ல் மத்திய சுரங்க அமைச்சகம் சொன்ன சமாதானம், பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை விட்டுவிட்டு எல்லையைத் திருத்த முடியுமா என்று இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனம் பார்க்கும் என்பது. ஏலப் பரப்பு 2,015.51 ஹெக்டேர். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த தலம் 193.42 ஹெக்டேர், அதாவது பத்தில் ஒரு பங்கு. அதை வெட்டி ஒதுக்கிவிட்டால் தேவாங்குக்கும் அழுங்குக்கும் வல்லூறுக்கும் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாகக் கணக்கு. பாறைக் குன்றில் விழும் மழை சுனையில் நின்று, ஓடையில் இறங்கி, வரத்துக்கால் வழியாக ஆனைகொண்டான் போன்ற கண்மாய்க்கு வந்து, அது நிறைந்தால் கலுங்கு தாண்டி அடுத்த கண்மாய்க்குப் போகிறது. சர்வே எண்ணால் வரைந்த கோட்டுக்கு இந்த ஓட்டம் கட்டுப்படாது. கிரானைட் குவாரிகள் வரத்துக்காலை என்ன செய்யும் என்பதைக் கீழவளவுப் பக்கம் நேரில் பார்த்தவர்களுக்கு, கிரானைட் முறைகேடுகள் குறித்து அதற்குப் பின் வந்த சகாயம் ஐ.ஏ.எஸ். விசாரணை அறிக்கையைப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இந்த ஓட்டம் எழுத்தில் இருக்க வேண்டிய இடம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு. 2002-ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டத்தின் 41-ஆம் பிரிவில் ஒவ்வொரு உள்ளாட்சிக்கும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, அதன் கையில் பதிவேடு. சட்டம் வந்து பல ஆண்டுகள் நாட்டின் பெரும்பகுதியில் இது ஏட்டளவில் கிடந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்து, தவறினால் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று மாநிலங்களுக்குச் சொன்ன பிறகு பதிவேடுகள் மளமளவென்று முளைத்தன. எண்ணிக்கை கேட்டார்கள், எண்ணிக்கை வந்தது. அவசரத்தில் நிரப்பிய பதிவேடு எப்படி இருக்கும் என்பது இத்துறையில் யாருக்கும் தெரியாததல்ல: வேம்பு, புளி, மயில், கீரிப்பிள்ளை, ஊர்ப் பெயரை மாற்றினால் அடுத்த ஊருக்கும் அதுவே. எந்த மடை முதலில் திறக்கும், எந்தக் கண்மாயில் வைகாசி வரை தண்ணீர் நிற்கும், புளிக்குளம் மாட்டுக் கிடை அறுவடைக்குப் பின் எந்தக் காட்டில் அமரும், மறுகால் ஓடும்போது அயிரையும் குறவையும் எந்தப் பள்ளத்தில் ஏறும் என்பதெல்லாம் நீர்பாய்ச்சியிடமும் கிடைக்காரரிடமும் இருக்கின்றன. அவர்களிடம் கேட்க ஆளும் நாளும் ஒதுக்கப்படவில்லை. குழுவுக்கு நிதி இல்லை, எழுத்தர் இல்லை. பல ஊர்களில், தாம் அந்தக் குழுவில் இருக்கிறோம் என்பதே உறுப்பினர்களுக்குத் தெரியாது. இத்தனைக்கும் பிறகு, நன்றாக எழுதிய பதிவேடு ஒன்று இருந்தாலும் அதைக் கேட்க ஆளில்லை. 2006 அறிவிக்கை ஊர்ப் பதிவேட்டைக் கட்டாய ஆவணமாக வைக்கவில்லை. ஒரே அமைச்சகம் ஒரு கையால் பதிவேடு எழுதச் சொல்கிறது, மறு கையால் அதைப் பார்க்காமல் அனுமதி வழங்குகிறது. கருத்துக்கேட்பில் யாராவது அதை எடுத்து வாசித்தால்தான் உண்டு. இப்போது அதுவும் இல்லை.

குறிப்பாணை திரும்பப் பெறப்பட வேண்டும் என்று தமிழக அரசு கேட்டிருப்பது நியாயம். அதே அரசு தன் அதிகாரத்தில் உள்ளதையும் செய்ய வேண்டும். பல்லுயிர்ச் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் அறிவிப்பது மாநிலத்தின் கையில். 2025-ல் திண்டுக்கல் மாவட்டத்தில், அழகர்மலையை ஒட்டிய காசம்பட்டி வீரகோவில் கோவில்காடு 4.97 ஹெக்டேருக்கு அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் காட்டை மட்டும் கோடு போட்டு, அதன் நீர்வரத்தை விட்டுவிடும் அதே பழக்கம் தொடரக் கூடாது. அறிவிப்பால் பிழைப்பு பாதிக்கப்படுவோருக்கு இழப்பீட்டுத் திட்டம் வகுக்கச் சொல்லும் 37(3) உட்பிரிவையும் அரசு தள்ளிப்போடக் கூடாது. ஊர்கள் புதிய தலங்களுக்குத் தயங்குவதற்கு இந்தத் தள்ளிப்போடலும் ஒரு காரணம்.

களத்தில் இருப்போர் செய்யக்கூடியது உடனே உண்டு. மேலூர், கொட்டாம்பட்டி ஒன்றியங்களில் பதிவேட்டுக்கு நீர்வரத்து இணைப்பு ஒன்று தயாரிக்கலாம்: குன்றிலிருந்து கடைசிக் கலுங்கு வரை வரத்துக்கால், புறம்போக்கு, மேய்ச்சல் வழி அனைத்தும் சர்வே எண்ணோடு, நீர்பாய்ச்சியின் வாக்குமூலத்தோடு. ஆண்டுக்கு ஆறு கிராமசபைகள் கூடுகின்றன. அவற்றில் ஒன்றில் இணைப்பைத் தீர்மானமாக ஏற்க வைத்து, மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்கும் ஆட்சியருக்கும் கனிமவளத் துறைக்கும் ஒப்புகையோடு அனுப்பிவிட வேண்டும். அடுத்த ஏல அறிவிப்பு வரும்போது அந்த ஒப்புகைச் சீட்டு பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்க வேண்டும்.