‘ரெண்டே ரவுண்டுதான் மாப்ள...’ கேப் வராத ஊரில், பார்ட்டி முடிந்து வீடு திரும்புவது எப்படி?

டிசம்பர் 31 இரவு. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் லீவுக்கு வந்த நண்பர்கள், ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறார்கள். பிரியாணி, பாட்டு, கொஞ்சம் சரக்கு. மணி 12 தாண்டியதும் கேக் வெட்டி, கட்டிப்பிடித்து, ஆளுக்கொரு பைக்கை எடுக்கிறார்கள். ஒருவர் ஆனந்தூர் போகணும், ஒருவர் சோழந்தூர், இன்னொருவர் உப்பூர்.

“குடித்தால் வண்டி ஓட்டாதீர்கள், கேப் புக் பண்ணுங்கள்” என்று ஒவ்வொரு பண்டிகைக்கும் போலீஸும் சொல்கிறது, நாமும் எழுதுகிறோம். ஆனால் இது நகரத்துக்கான அறிவுரை. கடைசி பஸ் போன பிறகு, இங்கே போனைத் தட்டினால் இரண்டு நிமிடத்தில் வாசலில் கார் வந்து நிற்காது. அப்போ இந்த ஊர்க்காரர் என்னதான் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எவ்வளவு குடித்தால் குற்றம்?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 185-வது பிரிவுப்படி, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருக்கக் கூடாது. இது எவ்வளவு சரக்கு?

கடையில் விற்கும் பிராந்தி, விஸ்கி பாட்டில்களில் 42.8% ஆல்கஹால் என்று போட்டிருக்கும். 65 கிலோ எடையுள்ள ஓர் ஆண் வெறும் வயிற்றில் 60 மில்லி குடித்தால், ரத்தத்தில் ஏறக்குறைய 45 மில்லிகிராம் வரும். ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி என்றால் 70-ஐ நெருங்கும். ஒரு குவார்ட்டர் என்றால் சுமார் 135. இது பொதுவான கணக்குதான். உடல்வாகு, சாப்பாடு, குடித்த வேகத்தைப் பொறுத்து மாறும். அதே அளவுக்கு, பெண்களுக்குப் பொதுவாக இன்னும் அதிகமாகவே ஏறும்.

‘ரெண்டே ரவுண்டுதான், ஸ்டெடியா இருக்கேன்’ என்பவர், சட்டத்தின் எல்லையை முதல் 60 மில்லியிலேயே தாண்டியிருக்கக்கூடும். ‘ஸ்டெடியா இருக்கேன்’ என்று சொல்வதும் அதே மூளைதான் என்பது இன்னொரு சிக்கல். சுதாரிக்கும் வேகம் குறைவதற்கு முன்பே, அது குறைவதை உணரும் திறன் குறைந்துவிடுகிறது.

தூங்கி எழுந்தால் சரியாகிடுமா?

அவ்வளவு சீக்கிரம் ஆகாது. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். ரத்தத்தில் ஏறிய ஆல்கஹாலைக் கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதம்தான் குறைக்கும். பிளாக் காபி, மோர், எலுமிச்சை, தலைக்குக் குளியல் எதுவும் அந்த வேகத்தைக் கூட்டாது.

நள்ளிரவில் குவார்ட்டரை முடித்த ஒருவர், காலை 6 மணிக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் கிளம்புகிறார் என்று வையுங்கள். ஆறு மணி நேரத்தில் 90 குறைந்திருக்கும். மிச்சம் 45. அதாவது, புத்தாண்டின் முதல் காலையில், கோயிலுக்குப் போகும் வழியில், அவர் சட்டப்படி இன்னும் குடிபோதையில் ஓட்டுகிறார். முழுசாக இறங்க 9 மணியாவது ஆகும்.

மாட்டினால் என்ன ஆகும்?

முதல் முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2019 திருத்தச் சட்டத்தின் உயர்ந்த அபராதங்கள் தமிழ்நாட்டில் 2022 அக்டோபரில் அமலுக்கு வந்தன. ரோட்டிலேயே காசு கட்டிவிட்டுப் போகிற விஷயம் இல்லை இது, கோர்ட்டுக்குப் போகணும். ‘ஊத மாட்டேன்’ என்று அடம்பிடித்தாலும் தப்பிக்க முடியாது. நியாயமான காரணமின்றி மறுத்தால், அதையே உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ள 205-வது பிரிவு இடம் தருகிறது.

பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. குடித்துவிட்டு ஓட்டத் தூண்டுபவர் மீது 188-வது பிரிவு பாயும். சென்னை போக்குவரத்து போலீஸார் 2022-ல் இதைக் காட்டித்தான், உடன் பயணிப்பவர்களுக்கும் அபராதம் என்று அறிவித்தார்கள்.

இன்சூரன்ஸ் இருக்கே என்கிறீர்களா? 2007 டிசம்பர் 22 அன்று டெல்லி இந்தியா கேட் அருகே ஒரு போர்ஷே கார் விபத்தில் எரிந்துபோனது. அந்த வழக்கில், போதையில் ஓட்டியதால் காருக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுத்தது சரியே என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விபத்தில் வேறொருவர் பாதிக்கப்பட்டால் இன்னும் சிக்கல். பல வழக்குகளில், முதலில் இன்சூரன்ஸ் நிறுவனம் இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டியின் உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் உத்தரவிட்டுள்ளன. ‘பைக்கைக் கொஞ்சம் குடு மாப்ள’ என்று கேட்கும் நண்பனிடம் சாவியை நீட்டும் முன் இதை யோசிக்கலாம்.

கடையை நகர்த்தினால் போதாதா?

அதையும் செய்து பார்த்தாச்சு. அதன் தொடக்கமே தமிழ்நாட்டு வழக்குதான். வழக்கறிஞர் கே.பாலு தொடர்ந்த வழக்கில், நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 20,000 பேர் வரை வசிக்கும் ஊர்களுக்கு அது பிறகு 220 மீட்டராகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாட்டில் ஆயிரக்கணக்கான டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. பல கடைகள் உள்ளே தள்ளிப் போயின.

லாரி ஓட்டிக்கொண்டே வழியில் நிறுத்திக் குடிப்பவரை இது தடுக்கும். ஆனால் உள்ளூர்க்காரருக்கு? கடை ஊருக்கு வெளியே போனால் அங்கே போகவும் பைக், வரவும் பைக். திருவள்ளுவர் தினம், காந்தி ஜெயந்தி போன்ற நாள்களில் கடைக்கு லீவு என்றால், முந்தின நாளே வாங்கி வைத்துவிடுகிறார்கள். எங்கே விற்கிறது என்பதை அரசு கட்டுப்படுத்தலாம். குடித்தவர் எப்படி வீட்டுக்குப் போகிறார் என்பதை யார் பார்ப்பது?

கேப் இல்லாத ஊரில் வழி என்ன?

இந்தக் கேள்விக்கு ஜப்பான் ஒரு பதில் வைத்திருக்கிறது. 2006 ஆகஸ்டில் ஃபுகுவோகாவில் குடிபோதையில் வந்த கார் மோதி, ஒரு குடும்பத்தின் கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்தது. மூன்று குழந்தைகள் இறந்தார்கள். அடுத்த ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள். ஓட்டியவருக்கு மட்டுமின்றி, அவருக்கு மது கொடுத்தவர், வண்டி கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறியவர் எல்லோருக்கும் தண்டனை.

கூடவே, அங்கே ‘டைகோ’ என்றொரு சேவை உண்டு. போன் செய்தால் இருவர் ஒரு காரில் வருவார்கள். ஒருவர் உங்கள் காரை வீட்டுக்கு ஓட்டுவார், மற்றவர் பின்னாலேயே வந்து அவரைத் திரும்ப அழைத்துப் போவார். ரயில் இல்லாத சிற்றூர்களில் இதற்கு நல்ல கிராக்கி.

யோசித்தால் இது நமக்குப் புதுசு இல்லை. நம்ம ஊர் ‘ஆக்டிங் டிரைவர்’தான். காது குத்துக்கும் கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறோம், பார்ட்டிக்குக் கூப்பிடுவதில்லை. இதைச் செய்யலாம்:

* முதல் கிளாஸுக்கு முன்பே பிளான்: எப்படித் திரும்புவது என்பதைக் குடிக்கும் முன் முடிவு செய்யுங்கள். குடித்த பிறகு எடுக்கும் முடிவு நம்பக்கூடியது இல்லை.
* ஒருத்தர் குடிக்கக் கூடாது: அவர்தான் அன்றைக்கு டிரைவர். ‘கொஞ்சமா குடிச்சவர்’ கணக்கில் வராது.
* செலவைப் பிரிக்கும்போதே வண்டியையும் சேருங்கள்: பிரியாணிக்கும் சரக்குக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று போடுகிறோம். ஒரு ஆட்டோ, வேன் அல்லது ஆக்டிங் டிரைவருக்கும் சேர்த்துப் போடுங்கள். பண்டிகை இரவில் ஆள் கிடைப்பது கஷ்டம், பகலிலேயே சொல்லி வையுங்கள்.
* பாய் போடுங்கள்: பார்ட்டி வைப்பவர் வீட்டு வாசலிலேயே சாவிகளை வாங்கி வையுங்கள். கிராமத்து வீட்டில் நாலு பேர் படுக்க இடமா இல்லை? காலையில் டிபன் சாப்பிட்டு, நேரம் பார்த்துக் கிளம்பட்டும்.

இங்கிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 30 கிலோமீட்டருக்கு மேல். இருபுறமும் சீமைக்கருவேலம் அடர்ந்த இருட்டு ரோட்டில், நள்ளிரவில் தனியாகப் பைக்கோடு விழுந்து கிடப்பவரை யாராவது பார்க்க வேண்டும், 108-க்குச் சொல்ல வேண்டும், ஆம்புலன்ஸ் வர வேண்டும், அதன்பிறகு அந்த 30 கிலோமீட்டர். நகரத்தில் விழுபவருக்கு இருக்கும் நேரம் இங்கே விழுபவருக்கு இல்லை.

அதனால், இந்த முறை பார்ட்டிக்கான வாட்ஸ்அப் குரூப்பில் ‘என்ன பிராண்ட்?’ என்று கேட்கும் முன், இன்னொரு கேள்வியைப் போடுங்கள்: “மாப்ள, திரும்பிப் போக வண்டி யாருது, ஓட்டப்போறது யாரு?”