ரேரா, ஸ்கேர்ஸா?

வெளி மாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகளின் ஆங்கிலக் கட்டுரை நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எது குறைவாக இருந்தாலும் ‘ரேர்’, எது நிறைய இருந்தாலும் ‘காமன்’. இலக்கணப் பிழை இல்லாததால் டீச்சரும் டிக் போட்டுவிடுகிறார். இது போதாது என்பது என் கட்சி.

முதலில் ரேருக்கும் ஸ்கேர்ஸுக்கும் உள்ள வித்தியாசம். பி.காம். முதல் வருடப் பாடம்தான்: தேவைக்குக் குறைவாகக் கிடைத்தால் ஸ்கேர்ஸ். கோடையில் தண்ணீர் ஸ்கேர்ஸ். பழைய தபால்தலை ரேர். கேட்க ஆளே இல்லாவிட்டாலும் அது ரேர்தான். தமிழில் இந்தக் குழப்பமே கிடையாது. ஒன்று தட்டுப்பாடு, மற்றது அபூர்வம். அத்தி பூத்தாற்போல் வந்து போகும் மாமாவின் வருகை இன்ஃப்ரீக்வன்ட்.

‘வெறும் சொல் விளையாட்டுதானே சார்?’ என்பீர்கள். இல்லை. மருந்துகளின் பக்கவிளைவைச் சொல்ல சர்வதேச அளவில் ஒரு கணக்கு உண்டு. 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ வந்தால் வெரி காமன். 100-ல் ஒருவர் முதல் 10-ல் ஒருவர் வரை காமன். 1,000-ல் ஒருவர் முதல் 100-ல் ஒருவர் வரை அன்காமன். 10,000-ல் ஒருவர் முதல் 1,000-ல் ஒருவர் வரை ரேர். அதற்கும் கீழே வெரி ரேர்.

மருந்துத் தாளில் ‘காமன்’ என்று பார்த்ததும் எல்லோருக்கும் வரும் போலிருக்கிறதே என்று பயந்து, டாக்டரைக் கேட்காமலே மாத்திரையை நிறுத்துகிறவர்கள் உண்டு. இந்தக் கணக்குப்படி 100 பேரில் சுமார் 90 பேருக்கோ அதற்கும் மேலோ அது வராது!

1980-ல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை ‘ரேரஸ்ட் ஆஃப் ரேர்’ வழக்குகளுக்கு மட்டுமே என்றது. ஓர் உயிரே ஒரு பெயரடையில் தொங்குகிறது பாருங்கள்.

ஆகவே சினானிம் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். மூன்று கேள்வி போதும். எத்தனைக்கு எத்தனை? தேவைக்குப் போதுமா? எவ்வளவு நாளைக்கு ஒருமுறை? அதையும் தமிழிலேயே கேளுங்கள். வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளையின் இங்கிலீஷ் கெட்டுவிடும் என்று நம்மிலேயே பலர் நினைக்கிறார்கள். தட்டுப்பாட்டையும் அபூர்வத்தையும் பிரித்துப் பேசத் தெரிந்த பிள்ளைக்கு ஸ்கேர்ஸும் ரேரும் ஒருநாளும் குழம்பாது.