முதல் பருவத்து எண்களை நம்பலாமா?

2013 அக்டோபர் 30. மயாமி ஹீட் அணிக்கு எதிரான தன் முதல் என்பிஏ கூடைப்பந்து ஆட்டத்திலேயே பிலடெல்பியாவின் மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் 22 புள்ளிகள், 12 அசிஸ்ட்கள் குவித்தார். 9 முறை பந்தைப் பறித்தார். அந்தப் பருவத்தின் சிறந்த புதுமுக வீரர் விருதும் அவருக்கே.

அதே ஆண்டு புதுமுகத் தேர்வில் (டிராஃப்ட்) 15ஆவதாக மில்வாக்கி பக்ஸுக்கு வந்த 18 வயது கிரேக்க இளைஞர் யானிஸ் அடெட்டோகும்போவின் முதல் பருவச் சராசரி ஆட்டத்துக்கு வெறும் 6.8 புள்ளிகள்.

கார்ட்டர்-வில்லியம்ஸின் சராசரியோ 16.7. அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். அவருடையது லீகிலேயே அதிவேகமாக ஆடிய அணி. பந்து பெரும்பாலும் அவர் கையில். அவருடைய மூன்று புள்ளி ஷாட்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுதான் கூடையில் விழுந்தது. அணி 82 ஆட்டங்களில் 63இல் தோற்றது, அதில் 26 தொடர் தோல்விகள். வயதும் 22 ஆகியிருந்தது. யானிஸோ ஆட்டத்துக்கு 25 நிமிடம்கூடக் களத்தில் இல்லை.

வயது, களத்தில் நின்ற நேரம், ஷாட் துல்லியம் இவற்றைப் பாராமல் புள்ளிச் சராசரியை மட்டும் வைத்து ஓர் இளைஞருக்கு முத்திரை குத்துவது அநியாயம். உயர்த்திப் பிடிக்கப்படுபவருக்கும் அது சுமைதான்.

2015இல் கார்ட்டர்-வில்லியம்ஸ் பக்ஸுக்கே மாற்றப்பட்டார், அங்கும் நிலைக்கவில்லை. யானிஸ் 2019, 2020இல் லீகின் மதிப்புமிக்க வீரரானார். 2021இல் கோப்பையை வென்று தந்த ஆட்டத்தில் அவர் எடுத்தவை 50 புள்ளிகள்.