மண்ணுக்கு பில் கிடையாது

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கள் தெருக்கோடித் திடலில் நாங்கள் நாலு பேர் பெத்தாங் ஆடிக்கொண்டிருந்தோம். 9-க்கு 7. எங்கள் பக்கம்தான் 9. அப்போது இரண்டு பையன்கள் டேப்பும் நோட்டுமாக வந்தார்கள்.

"ஐயா, கொஞ்சம் ஒதுங்கிக்கோங்க. அளக்கணும்."

"எதுக்கு தம்பி?"

"பார்க் வருது ஐயா. முழுக்க பேவர் பிளாக். நடுவுல எட்டு போட்டு நடக்கிற பாதை. ஓரமா எக்சர்சைஸ் மெஷின். எல்லாம் உங்கள மாதிரி பெரியவங்களுக்காகத்தான்."

பெரியவங்களுக்காகவாம்! அங்கே நின்ற நாலு பேரில் ஆக இளையவருக்கு 66 வயது. மூத்தவர் எங்கள் சொல்தா அண்ணன், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு ஊர் திரும்பியவர், 81 முடிந்துவிட்டது. பெரியவர்கள் உடம்பை அசைத்துக்கொண்டிருக்கும் இடத்தை மூடிவிட்டு, பெரியவர்கள் உடம்பை அசைக்க ஏற்பாடு செய்கிறார்களாம். அந்தப் பையன்களைக் கோபித்து என்ன பயன்? அவர்கள் டேப் பிடிக்க வந்தவர்கள். என் கோபம் வேறு இடத்தில். அதைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியூர் வாசகர்களுக்காக ஆட்டத்தைப் பற்றி நாலு வரி. புதுச்சேரியில் இது பிரெஞ்சுக்காரர் விட்டுப்போனது. எங்கள் சொல்தாக்கள் மறுபடி மறுபடி பெட்டியில் கொண்டுவந்தது. கைக்கு அடங்கும் இரும்புக் குண்டு, 650 கிராமிலிருந்து 800 கிராம் வரை எடை. கொஷொனே என்று ஒரு சின்ன மரக்குண்டு. பன்றிக்குட்டி என்று அர்த்தம். அதை 6 மீட்டரிலிருந்து 10 மீட்டர் தூரத்துக்குள் போட்டுவிட்டு, தரையில் கிழித்த வட்டத்துக்குள் நின்று இரும்புக் குண்டை அதன் பக்கத்தில் சேர்க்க வேண்டும். 13 புள்ளி முதலில் எடுத்தவர் ஜெயிப்பு. ஓட வேண்டாம், தாவ வேண்டாம். இரண்டு காலும் தரையில் பதிந்திருக்க வேண்டும். பெயரே அதிலிருந்துதான் வந்தது: பதிந்த கால்கள்.

மார்செய் பக்கத்தில் லா சியொத்தா என்ற ஊரில் 1910 வாக்கில் பிறந்த ஆட்டம் இது. அதற்கு முன்பு இருந்த ஆட்டத்தில் ஓடிவந்து எறிய வேண்டும். வாதநோய் வந்து ஓட முடியாமல் போன ஒரு நல்ல ஆட்டக்காரருக்காக, நின்ற இடத்திலிருந்தே எறியலாம் என்று விதியை மாற்றினார்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. மூட்டுவலிக்காரன் ஒருவனை ஒதுக்கிவைக்க மனசில்லாமல் பிறந்த ஆட்டம். எழுபதைத் தாண்டியவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

"நின்ற இடத்தில் குண்டு போடுவது ஒரு உடற்பயிற்சியா?" என்று என் மருமகனே கேட்டிருக்கிறார். கணக்குப் பாருங்கள். இரண்டு பேர் கட்சி என்றால் ஆளுக்கு மூன்று குண்டு. ஓர் ஆட்டம் பத்துச் சுற்று போனால் முப்பது முறை குனிந்து குண்டை எடுக்கிறேன், முப்பது முறை நிமிர்கிறேன். முப்பது முறை சமநிலை தவறாமல் நின்று கையை வீசுகிறேன். (நூலில் காந்தம் கட்டிக் குனியாமலே எடுக்கிறவர்களும் உண்டு. சொல்தா அண்ணன் அப்படித்தான் எடுக்கிறார், அவருக்கு அந்த உரிமை உண்டு. நான் இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.) 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் வலுவுக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் இருக்கிறது. வயதானவனைக் கொல்வது விழுதல். இடுப்பெலும்பு உடைந்து படுத்தவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

பீச் ரோட்டில் காலையில் கையில் போனை வைத்துக்கொண்டு பத்தாயிரம் அடி எண்ணி நடக்கிறார்கள். நடக்கட்டும், நல்லதுதான். ஆனால் அந்தப் பத்தாயிரம் எந்த வைத்தியர் சொன்னது? 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி அடி எண்ணும் கருவியை விற்பதற்காக வைத்த பெயர் அது. விளம்பரம் வேதவாக்காகிவிட்டது.

இப்போது மண்ணுக்கு வருகிறேன். சாரமே அதுதான்.

இந்த ஆட்டம் மண்ணில்தான் ஆட முடியும். மண் என்றால் ஒரே மண் இல்லை. மாதத்துக்கு ஒரு மண். இப்போது தை. மழை நின்று இறுகி, உள்ளே மட்டும் ஈரம் வைத்திருக்கும் மண். குண்டு விழுந்தால் இரண்டு சாண் உருண்டு நிற்கும், சொன்ன பேச்சைக் கேட்கும். வருஷத்தில் எங்களுக்குப் பொன்னான காலம் இது. மாசியில் மேல்பரப்பு காய்ந்து சரளை தலைகாட்டும்; எந்தக் கல்லில் பட்டு எந்தப் பக்கம் திரும்பும் என்று படிக்க வேண்டும். மே 4-ஆம் தேதி வாக்கில் கத்திரி ஆரம்பித்துவிட்டால் தரை பாறை. தாழ்வாக உருட்டினால் குண்டு அடுத்த வீட்டு வாசலுக்குப் போய்விடும். உயரத் தூக்கிப் போட்டு, செங்குத்தாக விழவைக்க வேண்டும். மேல்காற்று பலமாக இருக்கும் நாட்களில் கடல்காற்று நாலு மணிக்குக்கூட எட்டிப்பார்க்காது. அன்றைக்கு ஆறரைக்குத்தான் ஆட்டம். ஐப்பசி, கார்த்திகையில் விட்டுவிட்டுத்தான் ஆடலாம். சேற்றில் குண்டு சப்பென்று விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிடும். அப்போது கை வலுவுள்ளவன் தோற்பான், குறி உள்ளவன் ஜெயிப்பான். எங்களுக்குப் பஞ்சாங்கம் தேவையில்லை. குண்டு விழும் சத்தத்தில் மாதம் தெரியும்.

சின்ன வயதில் மட்டும் என்ன? யாரும் கால அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை. காற்று வந்தால் பட்டம், மழை விட்டு மண் இறுகினால் கோலி, பம்பரம், பெரிய லீவில் கிட்டிப்புள், நிலாக் காலத்தில் சடுகுடு. பள்ளியில் எங்கள் பிரெஞ்சு வாத்தியார் வரிசையில் நிறுத்தி, "அன், தே, அன், தே" என்று கையைத் தூக்கச் சொல்வார். அந்த ஜிம்னாஸ்திக் மணி முடிந்ததும் நிஜமான விளையாட்டுக்கு ஓடுவோம். அந்த நிஜமான விளையாட்டு முழுவதும் மண்ணில்தான் இருந்தது.

அதே மண்ணில் சிமெண்ட் கட்டையைப் பதித்துவிட்டால் தையும் ஒன்றுதான், வைகாசியும் ஒன்றுதான். குண்டு போட்டால் எகிறும், இல்லாவிட்டால் கட்டை உடையும். பட்டம் விடுகிற பையன் பின்பக்கமாக ஓடி விழுந்தால் முழங்கால் சிராய்ப்பு, மண்டையில் தையல். கத்திரியில் பகலெல்லாம் வெயில் குடித்த சிமெண்ட் இரவு எட்டு மணிக்கும் அனல் விடும். மண் சூரியன் சாய்ந்ததும் ஆறிவிடும். ஒரு வாளி தண்ணீர் தெளித்தால் இன்னும் சீக்கிரம் ஆறும். மழைக்காலத்தையும் சொல்லவேண்டும். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது ஒரே நாளில் ஏறக்குறைய 48 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த மழையை எந்த மண்ணும் குடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருஷா வருஷம் வரும் சாதாரண அடைமழைக்கே எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கிறதே, அது ஏன்? வாசல் சிமெண்ட், தெரு சிமெண்ட், கோயில் முன்புறம் சிமெண்ட். தண்ணீர் இறங்க மிச்சமிருப்பது இந்தத் திடல் ஒன்றுதான்.

அப்படியானால் ஏன் மூடுகிறார்கள்? கெட்ட எண்ணம் என்று சொல்லமாட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்தவன். அதில் பாதிக் காலம் வேலைகளுக்கான பில்கள் என் மேஜையைத் தாண்டித்தான் போயின. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: மண்ணுக்கு பில் கிடையாது. பேவர் பிளாக்குக்குச் சதுர மீட்டர் கணக்கு உண்டு. கம்பி வேலிக்கு மீட்டர் கணக்கு உண்டு. இரும்பு இயந்திரத்துக்கு எண்ணிக்கை உண்டு. அளவுப் புத்தகத்தில் எழுதலாம், சரிபார்க்கலாம், கையெழுத்துப் போடலாம், திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் வைக்கலாம். "திடல் இருந்தபடியே விடப்பட்டது" என்று எந்தக் கோப்பில் எழுதுவது? அதற்கு என்ன தொகை போடுவது? செலவாகாத பணம் மார்ச் 31-க்குள் திரும்பிப் போய்விடும் என்ற பயம் வேறு. நானே எத்தனை கோப்பில் "செய்யலாம்" என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன்! அந்த இடத்தைப் போய்ப் பார்த்தேனா? ஒரு நாளும் இல்லை. இன்று என் தலையில் விடிந்திருக்கிறது.

எட்டு போட்டு நடப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சித்தர் சொன்னது என்கிறார்கள், சர்க்கரை குறைகிறது என்கிறார்கள். குறைந்தால் சந்தோஷம். ஆனால் எட்டுக்கு சிமெண்ட் எதற்கு? மண்ணில் சுண்ணாம்புக் கோடு போட்டாலும் எட்டு எட்டுதான். இரும்பு இயந்திரங்களை ஏற்கனவே வைத்த இடங்களைப் போய்ப் பாருங்கள். கடல் உப்புக்காற்று அவற்றை எத்தனை வருஷம் விட்டுவைக்கிறது என்று தெரியும். பிள்ளைகள்? அவர்களுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை வாங்கும் டர்ஃப் இருக்கிறதாம். மீன் விற்கும் அம்மாவின் மகன் அந்த வாடகையை எங்கிருந்து கொடுப்பான்?

இதையெல்லாம் செவ்வாய்க்கிழமை இரவு வீட்டில் ஆவேசமாகப் பேசிக்கொண்டிருந்தேன். சாப்பாடு போட்டுக்கொண்டிருந்த என் மனைவி நிதானமாகக் கேட்டாள்.

"ஏங்க, அந்தத் திடல்ல நாங்க எப்பங்க வந்து நின்னோம்?"

"யாரும் வர வேணாம்னு சொன்னோமா?"

"வாங்கன்னும் சொல்லலையே. சாயங்காலமானா நீங்க நாலு பேர், அந்தாண்ட கிரிக்கெட் ஆடற பசங்க. நடுவுல எந்தப் பொம்பளை நடப்பா? அந்த எட்டு பாதை வேணும்னு கேட்டதே நம்ம தெரு பொம்பளைங்கதான். மேல் வீட்டு அம்மாவும்தான் கையெழுத்துப் போட்டிருக்கு."

அந்தச் சோறு எனக்கு இறங்கவில்லை. இருபது வருஷமாக ஆடுகிறோம். எங்கள் வீட்டுப் பெண்கள் ஒருத்தியாவது குண்டைத் தொட்டுப் பார்த்ததுண்டா? பிரான்சில் பெண்கள் ஆடுகிறார்கள், போட்டிக்கே போகிறார்கள். அதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்திருக்கிறோமே தவிர, இங்கே யாரையும் கூப்பிடவில்லை. பொதுத்திடல் என்று நான் கொடி பிடிக்கும் இடம் இத்தனை நாள் ஆம்பிளைத் திடலாகத்தான் இருந்திருக்கிறது. திடலை மூடக் கேட்டவர்களுக்கு அது ஒருநாளும் திறந்திருக்கவில்லை.

அதற்காக மண்ணை மூடுவது சரியாகிவிடாது. அந்த இடத்தில் நான் அசையமாட்டேன். ஆனால் புதன்கிழமை காலை எழுதி வைத்திருந்த மனுவைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். சுற்றிலும் ஓரமாக ஒரு மீட்டர் அகலத்தில் கெட்டிப்படுத்திய மண் பாதை, விளக்கு நாலு, உட்கார பெஞ்சு. எட்டுக்கு ஒரு மூலை, மண்ணிலேயே. நடுவில் உள்ள மண் அப்படியே இருக்கட்டும். காலை ஆறிலிருந்து எட்டு வரை பெண்களுக்கு என்று நேரம். அதற்கு நாங்கள்தான் முதலில் கட்டுப்பட வேண்டும். பூட்டும் சாவியும் வேண்டாம். விளக்குக்கும் பெஞ்சுக்கும் பில் போட்டுக்கொள்ளட்டும், பழைய குமாஸ்தாவாக அந்த வசதியையும் யோசித்தே எழுதியிருக்கிறேன்.

நேற்று வரை 31 கையெழுத்து. அதில் பெண்கள் 9 பேர். மேல் வீட்டு அம்மா படித்துவிட்டு, "விளக்கு நிஜமாவே வருமா ஐயா?" என்று கேட்டார். வராவிட்டால் நானே வந்து கேட்பேன் என்றேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். என் மனைவி இன்னும் போடவில்லை. முதலில் அந்தக் குண்டு என்ன கனம் இருக்கிறது என்று பார்க்க வேண்டுமாம். நாளை காலை ஆறு மணிக்கு அழைத்துப் போகிறேன். 650 கிராம் குண்டு மூன்று, சொல்தா அண்ணனிடம் கடன் வாங்கி வைத்திருக்கிறேன்.