கறிக்கடை ஜவ்வும் அனாடமி வைவாவும்

ஃபர்ஸ்ட் இயர் அனாடமி வைவா. எதிரே எக்ஸ்டெர்னல். “நரம்புல இருக்கிற ஃபைபர் கட்டைச் சுத்தி ஒரு உறை இருக்கே, பேர் என்னப்பா?”

“பெரினியம் சார்!” - கம்பீரமாகச் சொன்னேன்.

மனுஷன் கண்ணாடியைக் கழட்டிட்டுச் சிரிச்சார். பெரினியம்னா ரெண்டு தொடைக்கும் நடுவுல இருக்கிற ஏரியா. அவர் கேட்டது பெரிநியூரியம்! அந்த வருஷம் முழுக்க எனக்கு அதுதான் பட்டப்பேர்.

ஜூனியர் மக்களே, இந்த கதி உங்களுக்கு வேணாம். ஞாயித்துக்கிழமை கறிக்கடைக்குப் போங்க. தொடைக்கறி மேல வெள்ளையா வழவழன்னு ஒரு ஜவ்வு இருக்கும். அதான் எபிமைசியம், முழுத் தசைக்கும் போர்வை. வெந்த கறியைப் பிச்சா இழை இழையா வருதில்ல? ஒவ்வொரு இழையும் ஒரு ஃபைபர் கட்டு, அதாவது ஃபாசிக்கிள். அதைச் சுத்தி இருக்கிறது பெரிமைசியம். கட்டுக்குள்ள ஒவ்வொரு ஃபைபரையும் தனித்தனியா மூடியிருக்கிறது எண்டோமைசியம். இதைப் பார்க்க மைக்ராஸ்கோப் வேணும். (அதுக்கும் அடியில இருக்கிற சார்கோலெம்மா செல்லோட சொந்தத் தோல். அதை இந்த லிஸ்ட்ல சேர்த்து மாட்டிக்காதீங்க!)

கிரேக்கத்துல எபின்னா மேலே, பெரின்னா சுத்தி, எண்டோன்னா உள்ளே. நரம்புக்கு மைசியத்தைக் கழட்டிட்டு நியூரியத்தை மாட்டுங்க. மேட்டர் ஓவர்.

‘பேஷன்ட்டுக்கு இதனால என்ன பாஸ்?’னு நானும் கேட்டவன்தான், ஹவுஸ் சர்ஜன் ஆகிறவரைக்கும். ஒருநாள் ராத்திரி, கண்ணாடி கிழிச்சு மணிக்கட்டுல அல்நர் நரம்பு மொத்தமா அறுந்த ஒரு பையன் வந்தான்.

1951-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி சண்டர்லேண்ட் நரம்புக் காயத்தை 5 டிகிரியாகப் பிரிச்சார். மூணாவதுலேர்ந்து கணக்கே எந்த உறை கிழிஞ்சதுங்கிறதுதான்: எண்டோ, பெரி, எபி. ரெண்டாவது டிகிரியில ஆக்ஸான் மட்டும் அறுந்திருக்கும், எண்டோநியூரியம் முழுசா இருக்கும். அந்தக் குழாய் வழியாவே ஆக்ஸான் நாளுக்குச் சுமார் 1 மி.மீ. வளர்ந்து பழைய இடத்துக்கே போய்ச் சேர்ந்துடும். மூணுமே கிழிஞ்சா அஞ்சாவது டிகிரி, தச்சே ஆகணும். முடியைவிட மெல்லிசான நூலால சர்ஜன் பிடிச்சுத் தைக்கிறது பெரும்பாலும் அந்த எபிநியூரியத்தைத்தான்.

பையனுக்கும் அப்படித்தான் தச்சாங்க. மறுநாள் கேட்டான், “டாக்டரண்ணே, சுண்டுவிரல்ல எப்ப உணர்ச்சி வரும்?”

ஸ்கேல் எடுத்து மணிக்கட்டுலேர்ந்து விரல் நுனி வரைக்கும் அளந்தேன். 15 சென்டிமீட்டர்.

“அஞ்சு மாசத்துக்குக் குறையாதுடா தம்பி.”