கஞ்சி வரிசையும் ஒரு பல்கலைக்கழகப் பாடமும்



உயர்தரப் பெறுபேறுகள் வெளியாகி, எந்தப் பீடம், எந்தத் துறை என்று வீடுகளிலே கதை நடக்கும் காலத்தில் என்னைப் போன்ற மத்ரஸா உஸ்தாத்மாரிடமும் பெற்றோர் ஆலோசனை கேட்டு வருவதுண்டு. வைத்தியம், பொறியியல் என்றால் யாரும் வருவதில்லை. விளங்காத பெயருள்ள படிப்பென்றால்தான் மௌலவியின் நினைவு வரும்.

எங்கள் தெருவைச் சேர்ந்த தகப்பன் ஒருவரும் அப்படித்தான் வந்தார். மகன் வர்த்தகப் பிரிவில் சித்தியடைந்து முகாமைத்துவ பீடத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறான். விசேட துறையாக உற்பத்தி, சேவைச் செயற்பாட்டு முகாமைத்துவத்தைத் தெரிவு செய்யப் போகிறானாம். "கணக்கியல் எடுத்தால் நாளைக்கு ஒரு கந்தோரில் இருக்கலாம், மௌலவி. இது என்ன, பெக்டரியில் ஆட்களை மேய்க்கிற படிப்பா? நீங்கள் சொன்னால் கேட்பான்" என்றார். சொல்லிப் பார்க்கிறேன் என்று நானும் வாக்களித்தேன்.

அது ரமழான் மாதம். எங்கள் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சியின் பொறுப்பு பல வருடங்களாக என்னிடமே இருந்து வருகிறது. அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தால், கஞ்சி வரிசைக்கு எதிரே மதிலோரமாக அந்தப் பிள்ளை நிற்கிறான். கையில் கொப்பி. மணிக்கூட்டைப் பார்ப்பதும் எழுதுவதுமாக இருந்தான். பெண்களின் வரிசையைப் பார்த்துக்கொண்டு வாலிபன் ஒருவன் நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கூப்பிட்டுக் கண்டித்தேன். அவன் முகம் சிவந்து, "ஹஸரத், நான் ஆட்களைப் பார்க்கவில்லை, அகப்பையைத்தான் பார்க்கிறேன்" என்று கொப்பியை நீட்டினான்.

அதில் இருந்தது இதுதான். அன்று வந்த பாத்திரங்கள் 240. ஒரு பாத்திரத்துக்குச் செல்லும் நேரம் சராசரியாக 30 செக்கன். கஞ்சி ஊற்ற அதில் பாதிகூடத் தேவையில்லை. மூடியைத் திறப்பதும், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பதும், "நேற்று நாலு பேர் என்றாய், இன்றைக்கு ஆறா?" என்று நம் தொண்டர் தர்க்கம் பண்ணுவதும்தான் மீதி நேரம். 240 பாத்திரத்துக்கு 2 மணித்தியாலம். நோன்பு வைத்த உம்மாமார் அந்த வெயிலில் நிற்கிறார்கள்.

"இதைக் குறைக்க முடியாதா?" என்று கேட்டேன். வரிசையில் நிற்போரின் எண்ணிக்கையை, ஒரு நிமிடத்தில் எத்தனை பேருக்குக் கொடுக்கிறோம் என்பதால் வகுத்தால் கடைசியில் நிற்பவர் காத்திருக்கும் நேரம் வரும் என்றான். 60 பேர் நிற்க நிமிடத்துக்கு 2 பேர் வீதம் கொடுத்தால் 30 நிமிடம். 5 பேர் வீதம் கொடுத்தால் 12 நிமிடம். கேட்கும்போது சிறு பிள்ளையின் கணக்குப் போலத்தான் இருக்கிறது. ஆனால் கடைக்கும் வைத்தியசாலைக்கும் தொழிற்சாலைக்கும் பொதுவாக இந்த உறவு பொருந்தும் என்பதை ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961ஆம் ஆண்டிலேதான் முறைப்படி நிறுவிக் காட்டினாராம். அதன் பிறகு அது அவர் பெயராலேயே வழங்கி வருகிறது.

கொப்பியின் கடைசிப் பக்கத்தைக் காட்டத் தயங்கினான். வற்புறுத்தி வாங்கிப் பார்த்தேன். 'சமையலறைக் கதவு: 31' என்று எழுதியிருந்தது. வரிசையில் வராமல் பின்கதவால் வந்து நிரப்பிக்கொண்டு போன வாளிகள் அவை. ஒவ்வொரு வாளிக்கும் முன்னால் அகப்பை நிற்கிறது, வரிசையும் நிற்கிறது. நிருவாகிகள் வீட்டு வாளிகள், வசதியானோர் வீட்டு வாளிகள். அந்த 31இல் ஒன்று என் வீட்டு வாளி.

வாசகர்களே, வரிசையில் சத்தம் எழும்போதெல்லாம் அந்த மக்களுக்கு ஸப்ரைப் பற்றி ஒலிபெருக்கியில் உபதேசம் பண்ணியவன் நான். அவர்களுடைய நேரம் ஹக்குல் இபாதில் சேரும், அதற்கும் என்னிடம் கேள்வி உண்டு என்பது பத்து வருடம் கிதாபு ஓதிய எனக்குத் தோன்றவில்லை. மணிக்கூடும் கொப்பியுமாக நின்ற ஒரு பிள்ளைக்குத் தோன்றியிருக்கிறது.

வீட்டுக்கு ஓர் அட்டை, அதில் ஆட்களின் எண்ணிக்கை, வரிசையிலேயே மூடிகளைத் திறந்து வைக்க இரண்டு சிறுவர்கள், இரண்டு பேருக்கு ஓர் அகப்பை என்று அளவு. முதல் நாள் எல்லாம் குழம்பிப் போனது. அட்டையைத் தொலைத்த பிள்ளைகள் அழுதார்கள், ஒரு வாளி கவிழ்ந்தது, தொண்டர்கள் என்னைப் பார்த்து முணுமுணுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒரு பாத்திரத்துக்கு 12 செக்கனுக்கு வந்து, 48 நிமிடத்தில் கிடாரம் காலியானது. கஞ்சி தீர்ந்துவிடுமோ என்ற பயத்தில் அஸருக்கு முன்னமே வந்து குவிந்தவர்கள், அட்டைக்குரிய பங்கு இருக்கிறது என்று தெரிந்ததும் ஆறுதலாக வரத் தொடங்கினார்கள். பின்கதவை மூடுவதுதான் பெரும்பாடாக இருந்தது. அதைப் பற்றி இங்கே விரித்தெழுத விரும்பவில்லை.

கஞ்சிக்கு இவ்வளவு கதையா என்று எண்ணிவிட வேண்டாம். 2020ஆம் ஆண்டு மே 21ஆம் திகதி, ரமழானின் இறுதி நாட்களிலே, கொழும்பு மாளிகாவத்தையில் தனவந்தர் ஒருவர் பண உதவி வழங்கிய இடத்தில் நெரிசல் ஏற்பட்டு மூன்று பெண்கள் மரணித்தார்கள். கொடுக்கும் நிய்யத்தில் குறையிருந்தது என்று யார் சொல்வது? ஆனால் எத்தனை பேர் வருவார்கள், எந்த வழியால் வந்து எந்த வழியால் போவார்கள் என்பதும் கொடுப்பவர் மீதுள்ள அமானத்தல்லவா? மினாவில் 2006இல் கல்லெறியும் இடத்து நெரிசலில் 346 ஹாஜிகள் மரணித்த பின்னர், பழைய பாலத்தை அகற்றிப் பல தட்டுகளில் புதிய பாலம் கட்டினார்கள். வருகிற வழி வேறு, போகிற வழி வேறு. 2015இல் நடந்த பெரிய நெரிசல் அந்தப் பாலத்தில் நிகழவில்லை. பாலத்துக்குப் போகும் தெருக்களில் இரண்டு கூட்டங்கள் சந்தித்த இடத்தில் நிகழ்ந்தது. ஓரிடத்தில் அடைப்பை நீக்கினால் அது இன்னோரிடத்துக்கு நகரும் என்பதும் இவர்கள் படிக்கிற பாடம்தானாம்.

இந்தத் துறையிலே என்னதான் படிப்பிக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளையிடம் ஓர் இரவு தராவீஹுக்குப் பின் விசாரித்தேன். பொருளுக்கும் சேவைக்கும் உள்ள வித்தியாசத்தில் தொடங்குகிறார்களாம். சீமெந்தை மூடையில் கட்டி வைக்கலாம். அக்கரைப்பற்றிலிருந்து கொழும்புக்குப் போகும் பஸ்ஸில் இன்று வெறுமையாகப் போன ஆசனத்தை நாளைக்கென்று எடுத்து வைக்க முடியாது. பிறகு வரப்போகும் தேவையை முன்கூட்டி மதிப்பிடுவது, தொழிற்சாலையை எங்கே அமைப்பது, இயந்திரங்களை எந்த ஒழுங்கில் வைப்பது, தரத்தைக் காப்பது, கையிருப்பு எவ்வளவு வைப்பது என்று போகிறது. கையிருப்பு என்றதும் எனக்கு யூஸுப் (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வந்தது. ஏழு வருட விளைச்சலில் உண்பதற்கு வேண்டிய சிறிதளவு போக மற்றதைக் கதிரோடு விட்டு வைக்கும்படி அவர்கள் வழி சொன்னார்கள், பின்வரும் ஏழு பஞ்ச வருடங்களுக்காக. களஞ்சியப் பொறுப்பைத் தாமாகவே கேட்டு ஏற்றார்கள். அந்த ஆயத்துக்களை எத்தனையோ தடவை ஓதிக் கொடுத்திருக்கிறேன். களஞ்சியக் கணக்கை ஒரு கல்வியாக நினைத்துப் பார்த்ததில்லை.

ஆனால் இந்தக் கல்வியில் எனக்கு ஓர் அச்சமும் உண்டு, அதையும் அவனிடம் சொன்னேன். மணிக்கூட்டை யாருக்கு எதிராகப் பிடிக்கிறோம் என்பதுதான் அது. நம் நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் ஒரு கொலர் தைக்க இத்தனை செக்கன் என்று கணக்கு உண்டு. அந்தக் கணக்கு ஏழைப் பெண்ணின் முதுகில்தான் ஏறுகிறது. அவனுக்கு இது புதிதல்ல. 1911இல் அமெரிக்காவின் வோட்டர்டவுன் என்ற ஊரிலிருந்த அரச ஆயுதத் தொழிற்சாலையில், வேலையை மணிக்கூடு வைத்து அளந்ததை எதிர்த்து வார்ப்புத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியேறியதை வகுப்பில் படித்திருக்கிறான். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலையில் பிழை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்து முழு வேலையையும் நிறுத்தலாம் என்ற ஏற்பாட்டையும் சொன்னான். இரண்டும் ஒரே பாடப் புத்தகத்தில்தான் இருக்கின்றன. நாளை மேலதிகாரியாகப் போகிறவன் எதை எடுத்துக்கொள்வான் என்பதைப் பல்கலைக்கழகம் தீர்மானிப்பதில்லை. அது வீட்டில் உம்மாவும் வாப்பாவும் ஊட்டியதைப் பொறுத்தது.

ஆகவே பிள்ளை இந்தத் துறையைக் கேட்டால் தடுக்காதீர்கள். இலகுவான படிப்பென்று நம்பவும் வேண்டாம். கணக்கு நிறைய உண்டு, பாடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான். வர்த்தகப் பிரிவுப் பிள்ளைகள் முதல் வருடத்தில் அதிலேதான் தடுமாறுகிறார்கள். பெண் பிள்ளைகளும் இதைக் கேட்கிறார்கள். வைத்தியசாலையின் சிகிச்சைக் கூடத்தில் காலையிலிருந்து பகல்வரை கைக்குழந்தையோடு குந்தியிருந்த எந்த உம்மாவும் அவர்களுக்கு மறுப்புச் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

தகப்பனாருக்கு என் பதிலைச் சொன்னபோது அவருக்கு அவ்வளவு திருப்தியில்லை. "அப்போ கணக்கியல்?" என்று மறுபடியும் கேட்டார். பெருநாளைக்குப் பிறகு மகன் விண்ணப்பத்தை நிரப்பிவிட்டான், அவரும் எதிர்க்கவில்லை.

அடுத்த நோன்புக்கென்று அவன் பள்ளி முற்றத்தை வரைந்து ஒரு படம் அனுப்பியிருக்கிறான். வரிசை இரண்டாகப் பிரிகிறது. சமையலறைக் கதவில் ஒரு பெருக்கல் அடையாளம். பெண்கள் நிற்கும் பக்கத்தில் நிழலுக்குக் கீழே ஒரு நீண்ட சதுரம் கீறியிருந்தான், என்னவென்று விளங்காமல் கேட்டேன். வயது போனவர்களும் கர்ப்பிணிகளும் இருக்க ஒரு வாங்கு என்றான். தச்சனிடம் சொல்லியிருக்கிறேன், பலகைக்குக் காசு என்னுடையது.